மூன்று நாற்காலி விமானம்

“ஒரு மணி நேரம் ரெண்டு பிள்ளைகள உக்கார வைக்கத் துப்பில்ல, பதினாறு மணி நேரம் பிளேன்ல என்னத்தக் கிழிக்கப் போற?”

ஒரு மணி நேரம் ரெண்டு பிள்ளைகள உக்கார வைக்கத் துப்பில்ல. சங்கரநாராயணன் இதைக் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பிரமிளாவும் நாலு வார்த்தை கூடுதலாகக் கத்தி, இரண்டு பேருக்கும் தொண்டை வலித்து, விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, எழுதாத பேனாவை உதறிப் பார்த்துக்கொண்டு, ஏதோ குழாயில் கசிவு இருக்கிறது என்று தெரிவிக்கிற குரலில் சொன்னார். அதுதான் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நிற்கிறது. “துப்பு இல்லாமத்தான் ரெண்டே கால் வருசமா வளத்தேனாக்கும்,” என்றாள் அவள். “பாதி வளத்தது பாக்கியம். அவ வளத்த லட்சணந்தான் தெரிஞ்சிட்டே,” என்றார். பாக்கியம் என்பது ஆயா. காலையில் எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்துக்குப் போகிறவள். போன சனிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பிரமிளாவின் வாயில் தயாராக இருந்த அடுத்த நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டன. அவரே தொடர்ந்தார், “சரி, முதல்லேருந்து. மணி பத்து. நான் ரூமுக்குள்ள போயிருதேன். பிளேன்ல நான் கிடையாதுல்லா, அதனால இங்கனயும் நான் கிடையாது. கூப்பிடக் கூடாது. பதினொண்ணுக்குத்தான் கதவத் திறப்பேன்.”

கதவு சாத்திக்கொண்டது. ஹாலில் மிச்சம் இருந்தது ஒரு விமானம். சாப்பாட்டு மேசையிலிருந்து உருவிய மூன்று மர நாற்காலிகள் சுவரோடு ஒட்டி ஒரே வரிசையில். ஜன்னல் பக்கம் செழியன், மறுபக்கம் நித்திலா, நடுவில் அவள். முழங்கால் இடிக்கிற தூரத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, முன்வரிசைப் பயணிகளாம். இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் இடுப்பையும் அவளுடைய பழைய துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டியாகிவிட்டது, அது பெல்ட்டாம். செல்போனில் எங்கிருந்தோ தேடி எடுத்த விமான இரைச்சல் டிவி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து விடாமல் உறுமுகிறது. அனல்மின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் உண்டு. வருஷத்துக்கு நாலு தடவை எரியாத தீக்கு மணியடித்து, கசியாத வாயுவுக்கு முகமூடி மாட்டி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவனை ஸ்டிரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுதி மேலே அனுப்புகிற உத்தியோகம். கல்யாணமான புதிதில் அடுப்படியில் அவளை நிற்கவைத்து, கேஸ் கசிஞ்சா முதல்ல என்ன செய்வ என்று கேட்டார். உங்களக் கூப்பிட்டுப் பத்தவைக்கச் சொல்லுவேன் என்றாள். அன்றைக்குச் சிரித்தார். பதினாறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோதும் சிரித்தார். பிள்ளைகள் வந்த பிறகுதான் எல்லாவற்றுக்கும் தாள் வந்தது. ஊசி போட்ட தேதிக்குத் தாள், பால் குடித்த அளவுக்குத் தாள், இன்றைக்கு இந்த அட்டையில், அழுகை எத்தனை தடவை, பெல்ட்டை அவிழ்த்தது எத்தனை தடவை, தாய் குரல் உயர்த்தியது எத்தனை தடவை. முதல் ஒத்திகை பதினொரு நிமிஷத்தில் கவிழ்ந்தது. நித்திலா தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தை முன்வரிசைப் பயணியின் முதுகில் வீசினாள். செழியன் நாற்காலியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தான், இவள் பிடித்தாள், பிடிக்கிற வேகத்தில் போடீ சனியனே என்று மகளைப் பார்த்துச் சொன்னாள், அந்த நேரம் பார்த்து மனுஷன் கதவைத் திறந்தார். துப்பில்ல.

பத்து மணி மூன்று நிமிஷம். செழியன் காலால் முன் நாற்காலியை உதைக்கிறான். ஒன்று. விட்டு ஒன்று. அடுத்த மாதம் இதே நேரம் அந்த முதுகு ஒரு மனுஷ முதுகாக இருக்கும். திரும்பிப் பார்க்கும், புன்னகைக்கும், இரண்டாவது தடவை திரும்பும்போது புன்னகைக்காது. சென்னையில் ஏறி, நடுவில் ஒரு பாலைவன ஊரில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, மறுபடி ஏறி, ஜெர்மனி. நாத்தனார் கிரிஜா வீடு. ஆறு வாரம். அவள் புருஷனுக்கு அங்கே வேலை மார்ச்சோடு முடிகிறதாம், இப்போது விட்டால் விட்டதுதானாம். முதல் மூன்று வாரம் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிறார்கள், அதனால் இவர் வரமாட்டார், மூன்று வாரம் கழித்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு தனியாக வருவார், பக்கத்து சீட்டில் யாரும் தயிர்ச்சோறு எறியமாட்டார்கள், வழியெல்லாம் தூங்குவார். கிரிஜாவும் புருஷனும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டின பிறகு வருகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற அவர்கள் பிள்ளையும் அவர்களோடுதான் திரும்பும். அதற்கு நடுவில் மூன்றாவது மாடி, சாத்திய ஜன்னல், வெளியே பனி, உள்ளே இவள், இதுகள் இரண்டு. ஏழிலிருந்து இருட்டுகிறவரை. உதை. மூட்டைகளைப் பற்றி எத்தனை பேச்சு. சின்ன ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, காய்ச்சல் மருந்து இரண்டு பாட்டில், அந்த ஊர் டாக்டர் லேசில் மருந்து எழுதமாட்டாராம், காது மூடுகிற குல்லா, டயப்பர் அங்கேயே கிடைக்கும், ஆனால் வழிக்கு முப்பது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு பெட்டி இல்லாமல் ஏறி நின்று, கழித்துப் பார்த்து, மறுபடி தூக்கிக்கொண்டு ஏறி. அவளுடைய இந்தக் கைகளைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. இவை எடையில் வராது. எந்தப் பெட்டியிலும் வைத்துப் பூட்ட முடியாது. உதை. “செழியா, காலக் கீழ வை.” உதை. போன மாதம் கிரிஜா வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னாள், “மதினி, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க. இங்கன பிள்ளைங்க மேல கை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியே போன் பண்ணிருவா, கவர்மெண்ட் ஆள் வந்து நிக்கும்.” பக்கத்தில் இவரும் சிரித்தார். “உங்க மதினிக்கு வாய்தான் நீளம், கை நீளாது.” பிரமிளாவும் சிரித்தாள். சிரிக்கும்போது கிரிஜாவின் வளைகாப்பு நினைவுக்கு வந்தது, பன்னிரண்டு வருஷம் இருக்கும். வளையல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போனவளை மாமியாரின் அக்கா முழங்கையைப் பிடித்து ஒதுக்கி, நீ பாயசத்தப் போய்ப் பாரும்மா, அடி பிடிச்சிரப் போவுது என்றாள். பிள்ளை பெறாதவள் வளையல் போடக் கூடாது. அவ்வளவு நாசூக்கு. பாயசம் அடி பிடிக்கவில்லை. இவள் பிடிக்கவைத்தாள். தீயை ஏற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கறுத்துப் புகைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், இந்தக் கை இப்படிப்பட்டது என்று.

நித்திலா அழ ஆரம்பிக்கவில்லை, ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற அந்தச் சிணுங்கல், கொசு மாதிரி, காதுக்குள் நுழையாமல் காதைச் சுற்றுகிறது. பிஸ்கட். துப்பிவிட்டாள். தண்ணீர். தட்டிவிட்டாள். பொம்மைப் புத்தகம். இதோ பாரு யானை, யானை என்ன செய்யுது. யானை ஒன்றும் செய்யவில்லை. “ம்மா, கீழ.” கீழே போகக் கூடாது, கீழே ஆகாயம். “ம்மா, கீழ. ம்மா, கீழ.” செழியன் உதை. விமானம் உறுமல். பிரமிளா ஒரு விநாடி கண்ணை மூடினாள், மூடினதும் அது வந்தது, கூப்பிடாமல் வருவது. நடைபாதையில் அவள் நடக்கிறாள், ஒவ்வொரு கையிலும் ஒரு பிள்ளையின் கால், இரண்டும் தலைகீழாகத் தொங்குகின்றன, விமானத்தின் கோடியில் அந்தப் பெரிய கைப்பிடி போட்ட கதவு. கண்ணைத் திறந்தாள். தொட்டி மீன் ஒன்று திரும்புகிற மாதிரி அது திரும்பிப் போயிற்று, போகிற வழியில் கிரிஜா வீட்டு பால்கனியைக் காட்டிவிட்டுப் போயிற்று. அடுப்படியில் காய் நறுக்கும்போது வரும். குளிப்பாட்டும்போது பக்கெட் நிரம்ப நிரம்ப வரும். வந்தால் கை வேலையை நிறுத்திவிட்டு நிற்கும், பாக்கியம் எட்டிப் பார்த்து, “தள்ளுங்கம்மா, நான் ஊத்துதேன்,” என்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். செம்பை வாங்கிக்கொள்வாள். அந்தச் செம்பு கை மாறுகிற நேரத்தில்தான் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. யாரிடம் சொல்வது. பதினாறு வருஷம் கோயில் கோயிலாகப் போய், மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கருவை வைத்துப் பார்த்து, நாற்பத்து மூன்று வயதில் வயிற்றைக் கிழித்துப் பெற்றவள் போய்ச் சொல்கிற விஷயமா இது. சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். உனக்கு என்ன குறைச்சல் என்பார்கள். இரண்டு கண்ணு என்பார்கள். இரண்டு கண்ணுதான். கண்ணில் மணல் விழுந்தால் கசக்கத்தானே தோன்றுகிறது.

பத்து பதினாறு. நித்திலா வாயைத் திறந்துவிட்டாள். திறந்த வாய் கூடாது. கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், பின்னால் வெள்ளை, நிழல் விழக் கூடாது, சிரிக்கக் கூடாது. விசாவுக்குப் போட்டோ. ஸ்டூடியோவில் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் சரியில்லை என்று வந்துவிட்டது. அது நடந்து இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். அன்று பிற்பகல் மூன்று மணி, பீரோவில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, பாக்கியம் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்ட, இவள் செல்போனைப் பிடித்து, முப்பது நாற்பது படம். ஒன்றில் வாய், ஒன்றில் கண், ஒன்றில் பாக்கியத்தின் கை. மழை தூறுகிறது என்று பாக்கியம் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். துணி நனைந்திருக்கலாம். செழியன் தரையில் விழுந்து முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான். எழுந்திரு என்றாள். எழுந்திருடா என்றாள். இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கினாளா. இழுத்தாள். கொத்தவரங்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிள்ளை ஒரு கணம் அழவில்லை, அம்மாவைப் பார்த்தது, கை தோளிலிருந்து சட்டைக் கை மாதிரித் தொங்கியது. சத்தம் அல்ல. தொங்கிய கை அல்ல. அதற்கு முந்தின அந்தக் கால் விநாடி. இழுக்கும்போது, உடம்பு முழுக்கக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து கை வழியாக இறங்கிப் போனது. இனித்தது. அந்த வார்த்தையைத் தள்ளிவிட்டு வேறு வார்த்தை பன்னிரண்டு நாளாகத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. டாக்டர் முழங்கையைப் பிடித்து லேசாகத் திருப்பினார், பழையபடி பொருந்திக்கொண்டது, அஞ்சு நிமிஷத்தில் பிள்ளை மிட்டாய்க்குக் கை நீட்டினான். “யாரு கையப் பிடிச்சு இழுத்தது?” என்று டாக்டர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். இந்த வயசில் சகஜம் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியிருப்பார். அதற்குள் இவள் வாய், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி, “ஆயாம்மா. தூக்கும்போது,” என்றது. நித்திலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாக்கியம் அந்த அறையின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “இத்தன வருசம் காத்திருந்து பெத்திருக்கீங்க. வேலைக்காரங்க கையில முழுசா விட்டுராதீங்க,” என்றார். வீட்டில் இவர் கேட்டபோது பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான் சார்,” என்றாள். ஏன் சொன்னாள். ஆத்திரப்பட்டிருக்கலாம், பிரமிளாவின் முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், அதுவாவது ஒரு சத்தம். போகும்போது மாடிப்படியில் நின்று சொன்னாள், “நானும் அஞ்சு பெத்தவம்மா. அந்த நேரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னா போதும், கடந்துரும். ஆள் மட்டும் இருக்கணும்.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துல ஒரு ஆள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் இன்றைக்குக் கிடையாதாம்.

உதை. கீறல் விழுந்த மாதிரி அழுகை. பதினெட்டா, இருபதா, கடிகாரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் மறுபக்கத்துக் குழந்தை துப்பட்டாவை அவிழ்க்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு வாய். துப்பில்ல. ஒரு மணி நேரம் உக்கார வைக்கத் துப்பில்ல. யாருக்கு, வகுப்பில் நாற்பத்தெட்டு பிள்ளைகளை உட்கார வைத்தவளுக்கா. ஐந்தாம் வகுப்பில் கிளாஸ் லீடர் பிரமிளா. பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவாள், தோழி பெயரையும் எழுதுவாள், எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிடுவது பல்லுக்கு இதமாக இருக்கும். சிஸ்டர் பிலோமினா. வெள்ளை அங்கியில் கஞ்சி மொடமொடப்பு, கையில் மர ஸ்கேல். ஜூன் மாதம் முழுக்க அடிப்பார், விரல் கணுவில், தட்டையாக அல்ல, விளிம்பால். ஜூலையிலிருந்து அடிக்கமாட்டார். தேவைப்படாது. மெதுவாக நடந்து வந்து, ஸ்கேலின் விளிம்பைக் கணுவின் மேல் வைப்பார், வைத்தபடி விடுவார், சில்லென்று இருக்கும். குனிந்து காதுக்குப் பக்கத்தில், கதை சொல்கிற மாதிரிக் குரலில், “ஷல் ஐ?” என்பார், அடிக்கட்டுமா என்று. அவ்வளவுதான். வருஷம் முழுக்க அந்த வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு சிஸ்டரின் கையைக் குலுக்கினார். கான்வென்டில் படித்த பொண்ணு என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னபோது இதைத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. செழியன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். நாற்காலியில் எழுந்து நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பாக்கி. பாக்கி வா,” என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். பாக்கியத்தைக் கூப்பிடுகிறான். அம்மா இங்கே பக்கத்தில் இருக்கிறாள், தெருவில் இல்லாதவளைக் கூப்பிடுகிறான். நித்திலாவும் சேர்ந்துகொண்டாள். பாக்கி வா, பாக்கி வா. பிரமிளா எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை, அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். கையை மட்டும் நீட்டினாள். கை அதுபாட்டுக்குப் போயிற்று. செழியனை மடக்கி உட்கார வைத்தது. இடது மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கவில்லை, வளையல் மாதிரிச் சுற்றிக்கொண்டது, சற்றே, மிகச் சற்றே, மேல் பக்கமாகத் தூக்கியது. அவள் குனிந்து அவன் காதில், ஒரு கதை ஆரம்பிக்கிற மாதிரி, “இழுக்கட்டுமா?” என்றாள்.

ரெண்டே கால் வயதுக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று தாளில் எழுதிவைத்திருக்கிறார், நாற்பத்தொன்றோ என்னவோ. இந்த வார்த்தை அதில் இல்லை. ஆனால் தெரிந்தது. செழியனின் வாய் மூடிக்கொண்டது. கண் திறந்திருந்தது. உடம்பு நாற்காலியின் முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது, உதைத்த கால் அந்தரத்தில் அப்படியே நின்று, பிறகு மெல்லக் கீழே வந்தது. மறுபக்கம் நித்திலா அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், தன்னுடைய இடது கையைத் தானே எடுத்து, வலது கைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து இருபத்திரண்டு. அதற்குப் பிறகு நேரம் ஓடவே இல்லை. விமானம் உறுமிக்கொண்டிருந்தது, மூன்று பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடு, கையை விடு என்று அவள் தன் கையிடம் சொன்னாள். விட்டது. விட்ட இடத்தில் சிவப்பு இல்லை, தடம் இல்லை, ஒன்றுமே செய்யாத கை. செய்யவில்லையே. கேட்டேன், அவ்வளவுதானே. ஷல் ஐ என்று ஒரு கேள்வி. சிஸ்டரும் கேட்கத்தான் செய்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து செழியனின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், அறை விழப் போகிறது என்று நினைக்கிறவர்கள் மூடுகிற மாதிரி. பிஸ்கட் அவள் விரலிலேயே நமுத்தது. தடவிக் கொடுக்கலாம். தடவிக் கொடுக்க நீட்டினாலும் இதே கைதான் நீளும். மூன்றாவது மாடியில், பனி விழுகிற ஊரில், ஏழு மணிக்குக் கதவு சாத்தினதும் இப்படித்தான் இருக்கும். இரண்டும் உட்கார்ந்திருக்கும். சத்தம் வராது. பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணமாட்டாள், எதைக் கேட்டுப் பண்ணுவாள். சாயங்காலம் கிரிஜா வந்து, எப்படி மதினி இவ்வளவு சமத்தா வளத்திருக்கீங்க என்பாள். ஒரு நாள் கேள்வி போதாமல் போகும். ஜூன் மாதம் இல்லாமல் ஜூலை மாதம் வராது. அவளுக்குத் தெரியும், விளிம்பு எப்படி விழும் என்று அவள் விரல் கணுவுக்குத் தெரியும், அந்தத் தெரிதல் இவ்வளவு வருஷம் எங்கே தூங்கியதோ, விழித்துக்கொண்டு தோளிலிருந்து இறங்கி வருகிறது, இனிப்பாக. நித்திலா உட்கார்ந்தபடியே மூத்திரம் போனாள். துப்பட்டா நனைந்து நாற்காலிக் காலில் வழிந்து தரையில் ஒரு கோடு நகர்ந்தது. அழவில்லை. அம்மா பார்த்துவிட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பிரமிளா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துடைக்க வேண்டும். எழுந்தால் துடைக்கலாம். எழுந்தால் இந்த இரண்டும் என்ன நினைக்கும், எதற்கு எழுகிறாள் என்று நினைக்கும். எழவில்லை.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. சங்கரநாராயணன் ஒரு காலை வெளியே வைத்து நின்று காதைக் கொடுத்துப் பார்த்தார், நம்பாமல் ஹாலை எட்டிப் பார்த்தார், பிறகு அவர் முகம் விரிந்தது. பிள்ளைகள் பிறந்த அன்றைக்குப் பார்த்த முகம். “அடி சக்கை. நானும் உள்ள உக்காந்து எப்ப கத்துமோ, எப்ப கத்துமோன்னு பாக்கேன். முப்பத்தெட்டு நிமிசம் மூச்சுச் சத்தம் இல்ல. பிளேன்ல ஏர்ஹோஸ்டஸ் கேக்கப் போறா, என்ன மருந்து கொடுத்தீங்கன்னு.” செழியனின் தலையைக் கலைத்துவிட்டார், தலை ஆடியது, பிள்ளை ஆடவில்லை. பையிலிருந்து மிட்டாய் எடுத்து நித்திலாவிடம் நீட்டினார், அவள் வாங்காமல் முதலில் அம்மா முகத்தைப் பார்த்தாள். “பாத்தியா, அம்மாட்ட கேட்டுட்டுத்தான் வாங்குவாளாம். சமத்து. ஏட்டி பிரமி, உனக்குத் துப்பில்லன்னு சொன்னேன்லா, அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஒத்திகை பாஸ். இனிமே எனக்குக் கவல இல்ல, நிம்மதியா ஏத்தி விட்டுட்டு வேலயப் பாப்பேன்.” ஒரு கையை மகன் தலையில் வைத்தபடி, அட்டையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

“பாக்கியம் இழுக்கல,” என்றாள் பிரமிளா.

“எது?”

“அன்னைக்கு செழியன் கைய. பாக்கியம் மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தா. நான்தான் இழுத்தேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன். இப்ப இதுக எதுக்குச் சத்தம் போடாம இருக்குன்னு கேளுங்க. மறுபடி இழுக்கட்டுமான்னு கேட்டேன். கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.”

பேனா தாளின் மேல் நின்றது. அவர் நிமிரவில்லை. நாற்காலிக் காலைச் சுற்றித் தேங்கியிருந்த ஈரத்தை அப்போதுதான் பார்த்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைய இதுகளோட தனியா அனுப்பாதீங்க.”

விமானம் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கை போய் அதை அணைக்கவில்லை, பேனாவை மூடவில்லை, மகன் தலை மேல் இருந்த இன்னொரு கையை எடுக்கவும் இல்லை. பிரமிளா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

“ஏங்க. பாக்கியத்துக்குப் போன் போடுங்க. அடுத்த மாசத்துக்கு இல்ல, இப்ப, இன்னைக்கே வரச் சொல்லுங்க.”